படப்பிடிப்பு வேலைக்குப் போகும் பெண்கள்: சுங்கை சிப்புட்டில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினாறு ஆண்டுகள் ஒலிப்பதிவாளராக வேலை செய்தேன். தொலைக்காட்சித் தமிழ் நாடகங்கள், டெலிமூவிகள், குறும்படங்கள், இரண்டு திரைப்படங்கள். இப்போது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் அம்மாவின் வீட்டில் இருந்தபடியே ஒலித்தொகுப்பு செய்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படத்துறை வேலை பழக ஆசைப்படும் பிள்ளைகளைப் பாலாய் ராயா என்னும் ஊர்ப் பொது மண்டபத்தில் சந்திக்கிறேன். வருபவர்களில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள். அவர்களோடு அம்மாக்கள் வருகிறார்கள், அண்ணன்மார் வருகிறார்கள், சில நேரம் சின்னத் தயாரிப்பாளர்களும் வந்து பின்வரிசையில் உட்காருகிறார்கள். கேள்விகள் அநேகமாக அதேதான். நாற்காலியை மடக்கிக்கொண்டே பதில் சொல்லும்போது பாதிதான் சொல்ல முடிகிறது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் வார்த்தைகளை முடிந்தவரை மாற்றவில்லை.

"சினிமாவில் எங்கே பார்த்தாலும் பெண்கள் முகம்தானே? அப்புறம் என்ன குறை, அக்கா?"

போஸ்டரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். படம் முடிந்ததும் ஓடுகிற பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். ஒருமுறை பிள்ளைகளுக்கு இதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். நடிகை, பாடகி, நடனக் குழு ஆகியோரை விட்டுவிட்டு மீதிப் பெண் பெயர்களை எண்ணி வாருங்கள் என்றேன். ஒரு பிள்ளை நோட்டில் பென்சிலால் கோடு போட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். மூன்று படங்கள் பார்த்திருந்தாள். எந்தப் படத்துக்கும் கோடுகள் ஒரு கைவிரல்களைத் தாண்டவில்லை.

அமெரிக்காவில் இதை ஆண்டுதோறும் எண்ணுகிறார்கள். சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி, அந்நாட்டில் அதிகம் வசூலித்த 250 படங்களில் இயக்கம், எழுத்து, தயாரிப்பு, படத்தொகுப்பு, ஒளிப்பதிவு ஆகிய பொறுப்புகளில் இருந்த பெண்கள் 1998-இல் 17 விழுக்காடு, 2024-இல் 23 விழுக்காடு. இருபத்தாறு ஆண்டுகளில் ஆறு புள்ளிதான் ஏறியிருக்கிறது. ஒளிப்பதிவாளர்களை மட்டும் எடுத்தால் 2024-இல் 12 விழுக்காடு. பணமும் சங்கங்களும் சட்டங்களும் உள்ள இடத்திலேயே இப்படி.

"நடிப்பதைத் தவிர அங்கே பெண்களுக்கு என்ன வேலை இருக்கிறது?"

எல்லா வேலையும் இருக்கிறது. தொடக்கத்திலிருந்தே இருந்தது. பிரான்சில் அலிஸ் கீ என்ற பெண் 1896-இலேயே கதைப்படம் இயக்கினார். தமிழில் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்தபோது அதன் நாயகியாக இருந்த டி.பி.ராஜலட்சுமி, 1936-இல் 'மிஸ் கமலா' படத்தைத் தாமே எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்தார். தமிழ்ப் படம் பேசத் தொடங்கி ஐந்தே ஆண்டுகளில் ஒரு பெண் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இப்போதுதான் பெண்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் இந்த ஆண்டைச் சொல்லுங்கள். 1985-இல் பி.ஆர்.விஜயலட்சுமி தமிழ்ப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். இந்தியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் அவர்தான்.

படத்தொகுப்பின் கதை எனக்கு எப்போதும் எரிச்சலூட்டும். ஹாலிவுட்டின் ஆரம்ப நாட்களில் பிலிமை வெட்டி ஒட்டுவதைத் தையல் வேலை போல நினைத்தார்கள். கைப்பழக்கம் போதும், சம்பளமும் குறைவு, ஆகவே ஏராளமான பெண்கள் அதில் இருந்தார்கள். படத்தின் உயிரே அந்த மேசையில்தான் இருக்கிறது என்று தெரிந்து மதிப்பும் கூலியும் ஏறிய பிறகு, ஆண்கள் வந்து அமர்ந்தார்கள்.

"கேமரா, லைட் எல்லாம் கனமாயிற்றே. பெண் பிள்ளையால் தூக்க முடியுமா?"

இதைக் கேட்டவர் ஒரு அப்பா. அவருடைய அம்மாவை எனக்குத் தெரியும். தோளில் காண்டாக் கம்பு வைத்து, இரண்டு பக்கமும் ரப்பர்ப் பால் வாளி தொங்க, மேட்டுக்காட்டிலிருந்து இறங்கி வந்த மனுஷி. அவரிடம் யாரும் "உன்னால் தூக்க முடியுமா" என்று கேட்கவில்லை. கனமான வேலைக்குக் கூலி குறைவாக இருந்தவரை பெண்ணின் தோள் போதுமானதாக இருந்தது.

கனம் ஒரு சாக்கு என்பதற்கு இன்னொரு அத்தாட்சி இருக்கிறது. மும்பையில் ஒப்பனைக் கலைஞர் சங்கம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பெண்களுக்கு ஒப்பனைக் கலைஞர் அட்டை தரவில்லை. முடி அலங்காரம் செய்யலாம், முகத்தில் பூசக் கூடாது. பவுடர் பஞ்சில் என்ன கனம் இருக்கிறது? பெண்களை விட்டால் ஆண்களின் பிழைப்பு போய்விடும் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். சாரு குரானா என்ற ஒப்பனைக் கலைஞர் தொடுத்த வழக்கில், 2014 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது.

என் கதையையும் சொல்கிறேன். என்னை முதன்முதலில் வேலைக்கு எடுத்ததே, நடிகைகளின் சேலைக்குள் சின்ன மைக்கைப் பொருத்த ஒரு பெண் வேண்டும் என்பதற்காக. மூன்று ஆண்டுகள் அதை மட்டுமே செய்தேன். முந்தானை மடிப்பில் மைக்கை ஒட்டுவேன், வயரை இடுப்போரமாக இழுத்து மறைப்பேன், விலகி நிற்பேன். என்னோடு சேர்ந்த பையன் ஆறே மாதத்தில் நுனியில் மைக் பொருத்திய நீண்ட பூம் கம்பைப் பிடித்தான், இரண்டாம் ஆண்டு ஒலிகளைக் கலக்கும் மிக்ஸருக்கு முன் உட்கார்ந்தான். பூம் கம்பின் எடை இரண்டு கிலோகூட இராது. கைகளை உயர்த்திப் பல நிமிடம் அசையாமல் நிற்பதுதான் அதில் கடினம். அதற்குப் பழக்கம் வேண்டும். பழக விட்டால்தானே பழக்கம் வரும்.

"ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் கொடுக்க மாட்டார்களா என்ன?"

தோட்டத்து வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. 1930-இல் ரப்பர் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வைத்திருந்தார்கள். விடியற்காலையில் பெயர் கூப்பிடும் அதே பெரட்டு, அதே மரங்கள், அதே பனி. அந்தப் பத்துக் காசு வித்தியாசம் ஊரறிய இருந்தது, எழுதி வைத்திருந்தது. ஆகவே அதை எதிர்த்துப் பேசவும் முடிந்தது.

படப்பிடிப்பில் வித்தியாசம் உறைக்குள் இருக்கிறது. ஒரு டெலிமூவி முடிந்த இரவு, தயாரிப்பு நிர்வாகி எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு வெள்ளை உறை கொடுத்தார். நானும் அந்தப் பையனும் ஒரே நாட்கள், ஒரே நேரம், ஒரே வேலை. கொசுவர்த்தி வாங்கக் கடையில் நின்றபோது அவன் சாதாரணமாக எண்ணினான். அவனுக்கு 1,800 வெள்ளி (ரிங்கிட்). என்னுடையதில் 1,300. அவன் முகமும் வாடிப்போயிற்று. மறுநாள் கேட்டேன். "அவன் குடும்பத்தைப் பார்க்க வேண்டியவன்" என்றார்கள். அப்பா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் வீட்டுக்குச் சோறு என் உறையிலிருந்துதான் போனது. அதை யாரும் கேட்கவில்லை.

அதனால் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித் தருவது, சம்பளத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுவது. பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள். கேட்டால் சொல்லுங்கள்.

"பெயர் வராவிட்டால் என்ன? காசு வந்தால் போதாதா?"

போதாது. இந்தத் தொழிலில் அடுத்த வேலை வருவது பெயர்ப் பட்டியலைப் பார்த்துத்தான். நான் முழுக்க ஒலிப்பதிவு செய்த முதல் நாடகத்தில் என் பெயர் "உதவி" என்ற வரிசையில் வந்தது. உபகரணம் வாடகைக்குக் கொடுத்தவரின் பெயர் "ஒலிப்பதிவு" என்று வந்தது. பிறகு ஒரு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, "நீங்கள் இதுவரை உதவியாளர்தானே" என்றார்கள். அதை வைத்துச் சம்பளத்தையும் குறைத்தார்கள். பெயரும் காசும் தனித்தனி இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

"கழிப்பறை ஒரு பெரிய பிரச்சினையா? எல்லாரும் காட்டில்தானே சமாளிக்கிறார்கள்?"

ஆண்கள் சமாளிக்கிறார்கள். இதைப் பற்றி நீளமாக எழுதுவதற்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

செம்பனைத் தோட்டத்தில் படப்பிடிப்பு என்றால் காலை ஐந்தரைக்கு வேன் இறக்கிவிடும். வெளிச்சம் போகும் வரை அங்கேதான். சுற்றிலும் மரம், நடுவில் லாரித் தடம். ஆண்கள் நான்கு வரிசை தள்ளிப் போய்விட்டு வருவார்கள். நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? தண்ணீர் குடிக்க மாட்டோம். பசியாறும்போது ஒரு வாய் தேநீர், அவ்வளவுதான். பகல் வெயிலில் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும். மாதவிலக்கு நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் இருபத்து நான்காவது வயதில் சிறுநீர்த் தொற்று முற்றிக் காய்ச்சலோடு மருத்துவமனையில் கிடந்தேன். "தண்ணீர் குடிப்பதில்லையா?" என்று தாதி கேட்டார். என்ன பதில் சொல்வது?

ஒரு தோட்டத்தில், ஆள் குறைந்துபோன லயத்தின் கடைசி வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். தகரக் கதவு, உள்ளே ஒரு தண்ணீர்த் தொட்டி, சிவப்புக் குவளை. நடிகையும் ஒப்பனைப் பெண்ணும் நானும் மாறி மாறி அங்கே போனோம். மூன்றாம் நாள் பாட்டி வாசலில் ஒரு புதுச் சவர்க்காரம் வைத்திருந்தார். அந்தப் படத்தில் எங்களுக்கு யாராவது ஏற்பாடு செய்தார்கள் என்றால் அது அவர்தான். பெயர்ப் பட்டியலில் அவர் பெயரும் வரவில்லை.

இது எங்கள் சின்னப் படங்களின் ஏழ்மையால் வந்தது என்று நீண்ட காலம் நினைத்திருந்தேன். கேரளத்தில் நீதிபதி ஹேமா குழு மலையாளத் திரையுலகைப் பற்றிக் கொடுத்த அறிக்கையிலும் இதுவே இருந்தது. கழிப்பறை இல்லை, உடை மாற்ற இடமில்லை, பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள், நோய் வருகிறது. படித்தபோது யாரோ என்னைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியது போலிருந்தது. ஒரு நடமாடும் கழிப்பறையை வாடகைக்கு எடுக்கும் காசைக் குழுவின் சாப்பாட்டுச் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். எந்தத் தயாரிப்பையும் அது கவிழ்க்காது.

"ஈப்போவில் பிறந்த மிஷேல் இயோ ஆஸ்காரே வாங்கிவிட்டார். திறமை இருந்தால் வரலாம்தானே?"

மிஷேல் இயோ நம் பேராக்கின் பெருமை. நம் ஊரிலிருந்து ஈப்போ சுமார் முப்பது கிலோமீட்டர்தான். 2023-இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்காரை வாங்கிய முதல் ஆசியப் பெண் அவர். அப்போது அவருக்கு வயது அறுபது. மேடையில் நின்று, உங்கள் காலம் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்ல விடாதீர்கள் என்று பெண்களிடம் சொன்னார். அப்படிச் சொல்பவர்கள் வழிநெடுக இருந்ததால்தானே அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆஸ்கார் 1929-இல் தொடங்கியது. சிறந்த இயக்குநர் பரிசு முதன்முதலில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது 2010-இல், கேத்ரின் பிகலோவுக்கு. ஒளிப்பதிவுக்கு ஒரு பெண் பரிந்துரைக்கப்பட்டதே 2018-இல்தான், ரேச்சல் மோரிசன். எண்பது, தொண்ணூறு ஆண்டுகளாகத் திறமையுள்ள பெண் ஒருவர்கூடப் பிறக்கவில்லை என்று நம்ப முடிந்தால், "திறமை இருந்தால் வரலாம்" என்பதையும் நம்பலாம்.

"நம் நாட்டில் பெண் இயக்குநர்கள் இருக்கிறார்களா?"

இருக்கிறார்கள். ஷுஹாய்மி பாபா 1990-களிலிருந்து படம் எடுக்கிறார். மறைந்த யாஸ்மின் அகமதுவின் படங்களில் மலாய், சீன, இந்திய மூவினத்து மக்களும் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் இயல்பாக நடமாடினார்கள். டான் சுவி முய்யின் முதல் நெடும்படம் பூசான், ரோட்டர்டாம் விழாக்களில் பரிசு பெற்றது. அமண்டா நெல் இயூ 2023-இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் முதல் பரிசு வாங்கினார். பூப்படையும் ஒரு சிறுமியின் கதை அந்தப் படம். இங்கே தணிக்கையில் வெட்டப்பட்டு ஓடியபோது, அந்த வடிவம் தன்னுடையது இல்லை என்று அவர் அறிவித்துவிட்டார். நம் தமிழ்ப் படங்களில் ஷாலினி பாலசுந்தரம் 2016-இல் இயக்கிய 'கீதையின் ராதை' திரையரங்குகளில் வெளிவந்தது. பெயர்களை இப்படி ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட முடிகிறது, அதுதான் என் வருத்தம்.

"பெண் இயக்கினால் பெண்கள் பிரச்சினையைத்தான் எடுப்பார்களா?"

இல்லை. விமான நிறுவனம் தொடங்கப் போராடும் ஓர் ஆணின் கதையைச் சுதா கொங்கரா 2020-இல் எடுத்தார். இந்திய அரசின் சிறந்த திரைப்பட விருது அதற்குக் கிடைத்தது. பிகலோவுக்கு ஆஸ்கார் வாங்கிக் கொடுத்தது வெடிகுண்டு அகற்றும் ராணுவ வீரர்களின் படம்.

"மகளை அனுப்பினால் ஊரில் பெயர் கெட்டுப்போகும் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், தங்கச்சி?"

அம்மாக்கள் இதை எல்லாரும் போன பிறகு, கதவோரத்தில் நின்றுதான் கேட்கிறார்கள். என் அம்மாவும் கேட்டார். நான் இரவு இரண்டு மணிக்குப் படப்பிடிப்பு முடிந்து வந்து இறங்கும்போது எதிர்வீட்டுத் திரைச்சீலை விலகும். தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடிந்து அதே நேரத்தில் இறங்கும் பெண்ணுக்கு அது விலகாது. நேரம் ஒன்றுதான். சினிமா என்ற சொல்தான் அந்தச் சீலையை விலக்குகிறது.

அம்மாக்களின் பயத்தை நான் பழிப்பதில்லை. அதில் பாதி நியாயமான பயம், அதற்கு அடுத்த பதிலில் வருகிறேன். மீதிப் பாதிக்கு ஒன்று சொல்வேன். கெட்டது நடந்தால் பெயர் கெடுவது செய்தவனுக்கு என்று ஊர் முடிவு செய்துவிட்டால், உங்கள் மகள் வீட்டில் வந்து உண்மையைச் சொல்வாள். தன் பெயர்தான் கெடும் என்று பயந்தால் சொல்ல மாட்டாள். அது அவளுக்கு இன்னும் ஆபத்து. ஆகவே போகும் முன்பே ஒரு வாக்குக் கொடுங்கள்: என்ன நடந்தாலும் வீட்டுக்கு வந்து சொல்லலாம், திட்ட மாட்டோம், வேலையை விடச் சொல்லவும் மாட்டோம் என்று. கடைசிப் பகுதி முக்கியம். "வேலையை விடு" என்ற பதிலுக்குப் பயந்தே பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை.

"'அட்ஜஸ்ட்மென்ட்' என்கிறார்களே, அது உண்மையா?"

உண்மை. வாய்ப்புக்கு விலையாகப் பெண்ணின் உடலைக் கேட்பதற்குத்தான் அப்படிப் பெயர். எல்லா இடத்திலும் நடப்பதில்லை. நடக்கிற இடங்கள் இருக்கின்றன. படங்களில் காட்டுவது போல் வில்லன் சிரிப்போடு வராது. "கதை பேசலாம்" என்று இரவு பதினொரு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி. பதில் போடாவிட்டால் அடுத்த வாரம் அழைப்புத் தாளில் உங்கள் பெயர் இருக்காது, அவ்வளவுதான். யாரும் யாரையும் மிரட்டியதாகக்கூட இருக்காது.

2017 பிப்ரவரியில் கேரளத்தில் ஒரு நடிகை காரில் கடத்தப்பட்டுத் தாக்கப்பட்டார். அதன் பிறகு அங்கே திரைத்துறைப் பெண்கள் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்டதன் பேரில் அரசு அமைத்ததுதான் மேலே சொன்ன ஹேமா குழு. நடிகை சாரதாவும் அதில் ஓர் உறுப்பினர். 2019 டிசம்பரில் அறிக்கையைக் கொடுத்தார்கள். சில பகுதிகள் நீக்கப்பட்டு அது வெளிவந்தது 2024 ஆகஸ்டில். நாலரை ஆண்டுகளுக்கு மேல் அலமாரியில் இருந்தது. வெளிவந்த சில நாட்களிலேயே அங்குள்ள நடிகர் சங்கமான 'அம்மா'வின் நிர்வாகக் குழு கூண்டோடு பதவி விலகியது. 2025 ஆகஸ்டில் அதன் தலைவராக முதன்முறையாக ஒரு பெண், ஸ்வேதா மேனன், தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நேர்காணலைப் பகலில், அலுவலகத்தில், இன்னொருவர் இருக்கும்போது மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன். ஆனால் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு நாம் ஓய்ந்துவிட முடியாது. இரவு பதினொரு மணிக்கு அழைக்காமல் இருக்க வேண்டியது அழைப்பவரின் வேலை.

"புகார் கொடுத்தால் இனி யார் வேலை தருவார்கள்? சட்டம் எல்லாம் பேச்சுக்குத்தானே?"

சட்டம் பேச்சுக்கு இல்லை. மலேசியாவில் பாலியல் துன்புறுத்தல் எதிர்ப்புச் சட்டம் 2022-இல் வந்தது. அதன் கீழ் அமைந்த தீர்ப்பாயம் 2024 மார்ச் 8-ஆம் தேதி இயங்கத் தொடங்கியது. விசாரணை மூடிய அறையில் நடக்கும், பொதுவாக வழக்கறிஞர் தேவையில்லை, 250,000 வெள்ளி வரை இழப்பீடு விதிக்க முடியும். நிரந்தர ஊழியராக இருந்தால்தான் புகார் செய்யலாம் என்ற கட்டுப்பாடு இல்லை. அன்றாடக் கூலிக்கு வேலை செய்யும் நமக்கு இதுதான் பெரிய விஷயம். இதைத் தவிர, வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தப்படி 2023 ஜனவரியிலிருந்து, பாலியல் துன்புறுத்தல் பற்றிய விழிப்புணர்வு அறிவிப்பை முதலாளிகள் வேலையிடத்தில் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். நான் வேலை செய்த ஒரு படப்பிடிப்புத் தளத்திலாவது அதைப் பார்த்தேனா என்றால், இல்லை.

"வேலை போய்விடுமே" என்ற பயத்துக்கு நான் பொய்யான ஆறுதல் சொல்ல மாட்டேன். போகலாம். நம் தமிழ்ப் படத்துறை சின்னது, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஒரு தோழி வாய் திறந்து இரண்டு ஆண்டுகள் அழைப்பே இல்லாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு ஆண்டுகளில் நாங்கள் நான்கு பேர் எங்களுக்கு வந்த வேலைகளில் அவளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டோம். சில இடத்தில் ஒப்புக்கொண்டார்கள். குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள், நாளையும் நேரத்தையும் எழுதி வையுங்கள், ஒருவரிடமாவது அன்றே சொல்லுங்கள். முடிவை எப்போது எடுத்தாலும் இவை கையில் இருக்கும்.

"கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகு தொடர முடியுமா?"

பெரும்பாலானோர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். பேறுகால விடுப்பு 2023-இலிருந்து 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. ஆனால் அது ஊழியர்களுக்கு. படத்துக்குப் படம் கூலி வாங்குபவருக்கு முதலாளி என்று யாரைக் காட்டுவது? வயிறு தெரிந்தவுடன் "உங்கள் நலனுக்காக" என்று சொல்லி அடுத்த படத்துக்கு வேறு ஆளை எடுத்துவிடுவார்கள்.

நம் பாட்டிமார் விடியற்காலையில் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் வெட்டப் போனார்கள். சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும், ஓர் ஆயா எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார். தோட்டத்து வாழ்க்கையை நான் அழகுபடுத்தவில்லை. வெள்ளைக்காரத் துரைக்குத் தாயின் உழைப்பு தேவைப்பட்டது, ஆகவே தொட்டில் கட்ட இடம் கொடுத்தான். தாயின் உழைப்பு வேண்டும் என்று நினைத்தால் இடம் தானாகக் கிடைக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். படப்பிடிப்பில் நாயகனின் உடற்பயிற்சிக் கருவிக்கு ஓர் அறை ஒதுக்கியதைப் பார்த்திருக்கிறேன். பால் கொடுக்கும் ஒப்பனைப் பெண் வேனின் பின்சீட்டில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் சுயதொழில் செய்வோருக்கென நடத்தும் திட்டத்தில் கலைத்துறையினரும் சேரலாம். வேலையில் அடிபட்டால் அது கைகொடுக்கும். அதையாவது எல்லாரும் எடுத்துவிடுங்கள்.

"நாங்கள் சின்னக் குழு, எல்லாரும் நண்பர்கள். ஒப்பந்தம், தாள் எல்லாம் எதற்கு?"

பின்வரிசைத் தயாரிப்பாளர் ஒருவரின் கேள்வி. நண்பர்கள் என்பதால்தான் தாள் வேண்டும், தம்பி. நட்பில் சம்பளம் கேட்கவும் கூச்சம், நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லவும் கூச்சம். அந்தக் கூச்சத்தின் விலையை யார் அதிகம் கொடுக்கிறார்கள் என்பதைச் சம்பளக் கேள்விக்கான பதிலில் பாருங்கள்.

ஒரே பக்கம் போதும். என்ன வேலை, எத்தனை நாள், ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி, எந்தத் தேதியில், பட்டியலில் பெயர் எப்படி வரும், இரவு முடிந்தால் வீட்டுக்கு எப்படிப் போவது, கழிப்பறை எங்கே. இருபது நிமிட வேலை. இதில் ஆணுக்கு ஒரு தாள், பெண்ணுக்கு ஒரு தாள் என்று எழுத உங்கள் கையே கூசும். வாயால் பேசும்போது கூசுவதில்லை.

"பெண்களே பெண்களுக்கு உதவுவதில்லையே, அக்கா?"

சில நேரம் உண்மை. நானே அப்படி நடந்திருக்கிறேன். என் ஒன்பதாம் ஆண்டில் ஒரு புதுப் பெண் வந்து, வேன் கதவருகே நின்று, "கழிப்பறை எங்கே அக்கா" என்று கேட்டாள். "இங்கே அதெல்லாம் கேட்கக் கூடாது, பழகிக்கொள்" என்றேன். எனக்குப் பழக்கிய வார்த்தையை அப்படியே அவளுக்குக் கொடுத்தேன். அவள் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. இருபது ஆண்கள் உள்ள குழுவில் பெண்ணுக்கு ஓர் இடம்தான் என்று வைத்தால், அடுத்து வருபவள் நம் இடத்தைப் பிடிக்க வந்தவளாகத்தான் தெரிவாள். ஐந்து பேர் இருந்த ஒரு படத்தில் வேலை செய்தபோது அந்தப் பயம் எனக்கு ஒரு நாள்கூட வரவில்லை.

"நான் பையன். இதில் நான் என்ன செய்வது?"

உறையைப் பிரித்து எண்ணிக் காட்டிய அந்தப் பையன் அடுத்த படத்தில், "அவருக்கும் இதே கூலி என்றால் வருகிறேன்" என்று சொன்னான். கொடுத்தார்கள். உன்னாலும் அது முடியும். யாராவது அசிங்கமாகப் பேசும்போது சிரிக்காமல் இருக்கவும் முடியும்.

"சரி அக்கா, நான் எங்கே தொடங்குவது?"

படிக்க விருப்பம் என்றால் கோலாலம்பூரில் அஸ்வாரா என்னும் கலைக் கல்விக்கழகத்தில் திரைப்படப் படிப்பு இருக்கிறது. மல்டிமீடியா பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வு முடித்த கையோடு விண்ணப்பத்தைப் பற்றி வந்து கேளுங்கள், சேர்ந்து நிரப்பலாம். வேலையில் இறங்கித்தான் கற்பேன் என்றாலும் சரி. அந்த ஒரு பக்கத் தாளின் மாதிரி என்னிடம் தமிழிலும் மலாயிலும் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் எடுத்து வாருங்கள்.

ஒலியில் ஆர்வம் உள்ளவர்கள், வரும் முன் ஒரு வேலை செய்யுங்கள். விடியற்காலையில் உங்கள் வீட்டுச் சமையலறையில் கைப்பேசியை வைத்து ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். யாரும் பேச வேண்டாம். அதைக் கண்ணை மூடிக் கேட்டு, என்னென்ன சத்தம் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.

ஞாயிறு காலை ஒன்பது மணி. பாலாய் ராயா சாவியைப் பன்னிரண்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஆகவே நேரத்தோடு வாருங்கள். தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்து நன்றாகக் குடியுங்கள். பின்பக்கக் கழிப்பறையின் தாழ்ப்பாள் போன மாதம் கழன்றிருந்தது. புதியது வாங்கி மாட்டிவிட்டேன், சரியாக விழுகிறது.